பெருவழியும் கடற்கரை மண்டபமும்

மாசி மகம் நெருங்கினால் கடலூர், சிதம்பரம் சாலைகளில் வேன்களும் டிராக்டர்களும் கடலைப் பார்த்து ஓடுகின்றன. போகிற வழியில் புவனகிரியில் அத்தை வீடு, பரங்கிப்பேட்டையில் சம்பந்தி வீடு என்று இறங்கிக் காப்பி குடித்துவிட்டு, ராத்திரி கடற்கரை மணலில் பாய் விரித்துப் படுக்கிறது ஜனம். "இது தீர்த்த யாத்திரையா, உல்லாசப் பயணமா? முழுகினோமா, திரும்பினோமா என்று இருக்க வேண்டாமா?" எனப் பெரியவர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தத்திலும் பக்தி இருக்கிறது. ஆனால் சுவாமியே எப்படிக் கடலாடப் போகிறார் என்று பார்த்துவிட்டு நாம் தீர்ப்புச் சொல்வோம்.

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளை முழுக்குத்துறைக்கு எழுந்தருளுகிறார். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வழிநெடுக நின்று நின்று மண்டகப்படி ஏற்றுக்கொண்டுதான் போகிறார். கிள்ளையில் சையது ஷா ரகமத்துல்லா தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியப் பெருமக்கள் மாலையும் பட்டும் கொண்டுவந்து அவரை எதிர்கொள்கிறார்கள். பெருமாளின் மாலையும் பிரசாதமும் தர்காவுக்குப் போக, அங்கே பாத்தியா ஓதப்படுகிறது. கடைசியில் முழுக்கு என்பது சில நிமிஷக் காரியம். அதிலும் கவனியுங்கள், தீர்த்தவாரியில் தண்ணீருக்குள் இறங்குகிறவர் சக்கரத்தாழ்வார். பெருமாள் கரையிலேயே வீற்றிருக்கிறார். பட்டர் சக்கரத்தாழ்வாரை இரு கையாலும் பிடித்து அலைக்குள் அமிழ்த்தும் அந்த நொடியில், சுற்றி நிற்கிற அத்தனை தலைகளும் சேர்ந்து முங்குகின்றன. அந்த ஒரு நொடிக்காக இத்தனை ஊர், இத்தனை வாசல், இத்தனை முகம்!

எங்கும் நிறைந்தவனுக்குப் பயணம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூலவர் அசையாமல் இருக்கிறார். வர முடியாதவர்களுக்காக உற்சவர் புறப்படுகிறார். படுக்கையில் கிடக்கும் கிழவிக்கும், வலையை விட்டு நகர முடியாத மீனவருக்கும் அவர்தான் வர வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் வந்தது 1939-இல்தான். அதற்கு முன் எத்தனையோ குடும்பங்களுக்கு வீதியில் வந்த தரிசனமே தரிசனம். எல்லாத் தெருவுக்கும் பல்லக்கு போகவில்லை என்பதும் உண்மை. அந்தப் பாவம் நம்முடையது, பல்லக்கில் இருந்தவருடையது அல்ல.

சரி, கடற்கரையில் தங்குவது? இதற்குத் தில்லைக் கோயில் கல்வெட்டே பதில் சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் படைத்தலைவராக இருந்த மணவிற் கூத்தன் என்னும் நரலோக வீரன் செய்த திருப்பணிகளைப் பாட்டாகவே அங்கே பொறித்திருக்கிறார்கள். தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்த புண்ணியவான் அவர். பொன் வேய்ந்தது, மதில் எடுத்தது என்று நீளும் அந்தப் பட்டியலில், தில்லைப் பெருமான் மாசிக் கடலாடி வீற்றிருக்க ஒரு மண்டபமும், அதற்கான பெருவழியும் சேர்ந்தே இருக்கின்றன. சாலை போட்டவர் அதோடு நிறுத்தவில்லை. கடலோரத்தில் உட்கார இடமும் கட்டினார். 900 ஆண்டுக்கு முன்பே இறைவனுக்குக் கடற்கரையில் தங்கல் உண்டு என்றால், நிலா வெளிச்சத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அமர்கிற குடும்பத்தைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

உறவு பார்க்கிற விஷயத்தில் இன்னும் அழுத்தமாகவே சொல்வேன். கடலில் நின்று பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். தகப்பனார் பேரைச் சொல்லித் தர்ப்பணம் செய்கிற பிள்ளை, அவர் கூடப்பிறந்த அத்தை இருக்கிற தெருவை வேனில் தாண்டிப் போகலாமா? எள்ளு எங்கே போய்ச் சேரும்? அத்தை வீட்டுத் திண்ணையில் கால் மணி நேரம் உட்காருவது அந்தத் தர்ப்பணத்தின் முதல் பாதி.

பெரியவர்களின் வருத்தத்தில் ஒன்றை மட்டும் அப்படியே ஏற்கிறேன்: தங்கின கரையைக் குப்பையாக்கிவிட்டு வரக் கூடாது. கடலூர் தேவனாம்பட்டினமும் கிள்ளையும் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த கரை. நாம் பாய் விரிக்கிற மணல் அங்குள்ள மீனவர்கள் வலை உலர்த்துகிற முற்றம். விடிந்ததும் இலையையும் பிளாஸ்டிக் பையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேன் ஏறுகிறவர், அத்தை வீட்டில் சாப்பிட்ட இலையை எடுக்காமல் எழுந்துவருவாரா?