வேடமும் வாக்கும்

பிறர் எழுதிய வசனத்துக்குத் தன் குரலை ஈபவன் நடிகன்; தான் எழுதிய வசனத்தைப் பிறர் குரலுக்கு ஒப்படைப்பவன் கவிஞன். இவ்விரு தானங்களையும் ஒரே ஜீவியத்தில் செய்தவர், தூத்துக்குடியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். இரணியனாகவும் இராவணனாகவும் எமதருமனாகவும் சனீஸ்வரனாகவும் மேடையில் நின்ற அவர், பின்னர் அரிதாரத்தைத் துறந்து நாடகாசிரியராகி, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்து, சிறுவர்களின் நாவிலே சந்தத்தையும் தாளத்தையும் பதியவைத்து, 1922-இல் புதுவையில் மறைந்தார்.

நாற்றங்காலில் நெருங்கி நின்ற பயிர், பறித்து நட்ட பிறகே தூர்கட்டும் என்பதைத் திருவாரூர்ச் சீமையின் உழவர் அறிவர். அவ்வாறே, தன் சுபாவத்தினின்று தன்னைப் பெயர்த்தெடுத்து, உத்தமனின் நெஞ்சிலும் பாதகனின் நெஞ்சிலும் ஊன்றிப் பழகிய நடிகனுக்கே, எந்தப் பாத்திரத்துக்கும் அதனதன் நியாயத்தோடு பாட்டெழுதும் சக்தி சித்திக்கிறது. அறுவடை முடிந்த கிராமத்துத் திருவிழாவில், ஹார்மோனியத்தின் சுருதிக்கும் மிருதங்கத்தின் நடைக்கும் இசைந்து விடிய விடிய நடக்கும் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில், நாரதரும் வள்ளியும் சொல்லுக்குச் சொல் தர்க்கம் புரிகையில், இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகச் சபையோருக்குத் தோன்றுவது அதனாலேயே.

தன்னை மறக்கக் கற்றவன் எழுதியதையே உலகம் மறவாதிருக்கிறது.