சாவி யாரிடம் இருந்தது?

ஹன்னா கல்விக்கின் நாட்குறிப்புகளை முதன்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அது அவர்மீதா, அவரை எழுதச் சொன்ன மனிதர்மீதா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு வீட்டுவேலைக்காரப் பெண். கழுத்தில் பூட்டுப் போட்ட சங்கிலி. அதன் சாவி காதலரிடம். வலது மணிக்கட்டில் தோல் பட்டை. அந்தப் பட்டையைக் கழற்றச் சொன்ன எஜமானியிடம் மறுத்து, ஒருமுறை வேலையையே இழந்திருக்கிறார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பத்தோடுதான் அணிகிறேன் என்கிறார்.

ஒரு பெண் இப்படிச் சொன்னால் நம்ப வேண்டுமா? அவருடைய விடுதலையின் பெயரால் அவர் பேச்சையே சந்தேகிக்க நமக்கு உரிமை உண்டா? வகுப்பில் இந்தக் கேள்வியை வைத்தபோது ஒரு மாணவி சட்டென்று சொன்னாள்: "மேடம், அந்தம்மாவுக்கு வேற வழி என்ன இருந்துச்சு?" அதற்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஹன்னா 1833இல் ஷ்ராப்ஷயரில் உள்ள ஷிஃப்னல் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. அம்மா வீட்டுவேலை பார்த்தவர். ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் கொஞ்சம் படிப்பு, எட்டு வயதில் வேலை. 1847இல், ஹன்னாவுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, சில வார இடைவெளியில் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்து இறந்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த அவரை வீட்டுக்குப் போய்வர எஜமானி விடவில்லை. தம்பி தங்கைகள் என்ன ஆனார்கள் என்ற கவலையோடு, அடுத்தவர் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த அந்தச் சிறுமியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சங்கிலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துபோய்விடுகிறார்கள். ஹன்னாவை முதலில் கட்டிப்போட்டது ஒரு கௌரவமான குடும்பம்தான். அதற்குப் பூட்டோ சாவியோ தேவைப்படவில்லை.

அன்றைக்குப் பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டுவேலையில் இருந்தார்கள். விடிவதற்குள் எழுந்து அடுப்பைச் சுத்தம் செய்து, இரும்புக் கம்பிகளுக்குக் கறுப்பு மெருகு பூசி, நெருப்பு மூட்டி, வீட்டில் உள்ளவர்களின் பூட்ஸ்களையும் கத்திகளையும் துலக்கி, வாசற்படிகளை முழங்காலிட்டுத் தேய்க்க வேண்டும். ஹன்னா எல்லாவற்றையும் எழுதினார். ஒரு மாதத்தில் எத்தனை ஜோடி பூட்ஸ் துடைத்தேன் என்று எண்ணிக் கணக்கு வைத்தார். ஆடைகளைக் கழற்றிவிட்டுப் புகைபோக்கிக்குள் ஏறிக் கரியைத் துடைத்ததையும் எழுதினார். அந்த வேலைகளை வாங்கிக்கொண்ட வீடுகள் எதுவும் இப்படியொரு கணக்கு எழுதியிருக்காது.

எழுதச் சொன்னவர் ஆர்தர் மன்பி. கேம்பிரிட்ஜில் படித்தவர், கவிஞர், அரசுப் பணியாளர். உழைக்கும் பெண்களைத் தெருவில் நிறுத்திப் பேசி அவர்களைப் பற்றிக் குறிப்பெழுதுவது அவர் பழக்கம். 1854இல் ஹன்னாவைச் சந்தித்தார். ஹன்னா எழுதிய பக்கங்கள் அவருக்குத்தான் போயின. வேலைக்காரியாக, சீமாட்டியாக, ஆணாக, உடலில் கரி பூசிய அடிமையாக ஹன்னாவைப் புகைப்படம் எடுக்க வைத்தார். அவரை ஹன்னா 'மாஸா' என்று அழைத்தார். அமெரிக்கத் தோட்டங்களில் கறுப்பின அடிமைகளின் வாயில் திணிக்கப்பட்ட சொல் அது. அவர்கள் சந்தித்த ஆண்டில் அங்கே அடிமை முறை உயிரோடுதான் இருந்தது. ஒருவருடைய காதல் விளையாட்டுக்கு இன்னொருவருடைய சங்கிலி இரவல் வாங்கப்பட்டதை மன்னிக்க என்னால் முடியவில்லை. ஹன்னாவுக்காகவும் முடியவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் வரைவில் மன்பியை 'அவர்' என்றும் ஹன்னாவை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். திருத்திப் படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. என் மொழிக்குள்ளேயே ஒரு எஜமானி உட்கார்ந்திருக்கிறாள்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 1873 ஜனவரியில் இருவரும் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார்கள். ஹன்னா அதற்கு ஆசைப்படவில்லை. இத்தனை ஆண்டுகள் எந்தக் கட்டும் இல்லாமல் நிலைத்த அன்புக்கு இந்தக் காகிதம் எதற்கு என்ற எரிச்சல் அவர் எழுத்தில் தெரிகிறது. பட்டுடையும் கையுறையும் போட்டுச் சீமாட்டியாக உட்கார மன்பி ஆசைப்பட்டார். ஹன்னாவுக்கு அது பிடிக்கவில்லை. லண்டனில் மன்பியின் அறைகளில் வேலைக்காரியாகவே தொடர்ந்தார், சம்பளமும் வாங்கினார்.

நான் முதலில் இதைத் தாழ்வு மனப்பான்மை என்று படித்தேன். பிறகு அந்தக் காலச் சட்டத்தைப் பார்த்தேன். 1870வரை மனைவி உழைத்துச் சம்பாதித்த கூலிகூட இங்கிலாந்தில் கணவனுக்குத்தான் சொந்தம். அவளுடைய சொத்துரிமையை விரிவாக ஏற்ற சட்டம் 1882இல்தான் வந்தது. வேலைக்காரிக்கோ கூலி உண்டு. முன்கூட்டிச் சொல்லிவிட்டு இன்னொரு வீடு தேடிப் போகலாம். சீமாட்டிக்குப் போக ஏது இடம்? ஹன்னா இருபது வருடங்களுக்கும் மேலாகப் பல வீடுகளின் உட்புறத்தைச் சமையற்கட்டிலிருந்து பார்த்தவர். மனைவிமார் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதனால் ஹன்னாவை நம்புகிறேன். என்னிடமிருந்து இது அவ்வளவு எளிதாக வரவில்லை. அவரை நம்பினால் மன்பியை விட்டுவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயந்தேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் தனித்தனிக் கணக்குகள். சங்கிலிக்கு ஹன்னா சம்மதித்தார். சாவியை வைத்துக்கொள்ள ஏன் ஆசைப்பட்டாய் என்று மன்பியைக் கேட்கும்போது, அந்தச் சம்மதத்தைப் பதிலாகக் காட்ட முடியாது. ஹன்னாவின் கைக்காய்ப்புகளை அவர் ரசித்தார். தன் கையில் ஒன்றை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. விருந்தினர் வந்தபோது மனைவி தட்டு எடுத்து வந்து வைத்துவிட்டுப் போக, நண்பர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இதை ஹன்னாவும் விரும்பினார் என்பது ஹன்னாவைப் பற்றிய செய்தி. மன்பியை அது எங்கே காப்பாற்றுகிறது?

மாணவிக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதிலில் பாதியாவது இதுதான். வழிகள் குறைவாக இருந்தன, உண்மை. இருந்த வழிகளுக்கு நடுவே ஹன்னா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தார். அந்த நடையைத் தேர்வு என்று அழைக்க மறுத்தால், உலகத்தில் பெரும்பாலான பெண்களுக்குத் தேர்வென்று ஒன்று இருந்ததே இல்லை என்றாகிவிடும். மறுபாதி இன்னும் என்னிடம் இல்லை. ஹன்னா எழுதிய ஒவ்வொரு வரியையும் படிக்கக் காத்திருந்தவர் மன்பி. அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்து எழுதியது எது, தனக்காக எழுதியது எது? பூட்ஸ் கணக்கை எந்தப் பக்கத்தில் வைப்பது?

1877இல் ஹன்னா அந்த வீட்டை விட்டுக் கிளம்பினார். சொந்த மாவட்டத்துக்குத் திரும்பினார். பிறகு மன்பிதான் அவரைத் தேடிப் போய்ப் பார்த்துவர வேண்டியிருந்தது. ஹன்னா 1909இல் இறந்தார், சில மாதங்களில் மன்பியும். மன்பி விட்டுச்சென்ற பெட்டிகள் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் 1950வரை மூடிக்கிடந்தன, ஹன்னாவின் பக்கங்களும் அவற்றுக்குள்தான். லிஸ் ஸ்டான்லி பதிப்பித்து ஹன்னாவின் பெயரிலேயே அவை புத்தகமாக வர 1984 ஆனது.

என் பிரதியை அந்த மாணவி வாங்கிப் போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.