சொல்லுமுன்பும் இவன்தானே?

முழுநிலா நாளன்று திருவண்ணாமலையிலே மனிதக் கடலைக் காணலாம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர்ப் பாதை. நடக்கும் கால்கள் ஆயிரமாயிரம். பாதையோரத்தில் நீளும் கைகளும் ஏராளம். கல்லைச் சுற்றினால் கவலை தீருமா என்று நாம் பலமுறை கேட்டதுண்டு. இன்று எழுப்புவது வேறு கேள்வி. பக்தர்களை நோக்கியன்று, நம்மை நோக்கி!

அத்தகைய நாளொன்றின் மாலை, பேருந்துக்குக் காத்திருந்தோம். தேநீர்க் கடைப் பலகையில் முதியவர் ஒருவர். வயது எண்பத்தைந்தைக் கடந்திருக்கும். அழுக்கேறிய வேட்டி, கிழிந்த துண்டு, ஒட்டிய கன்னம். கண்டோம், கணக்கிட்டோம், பத்து ரூபாய் நாணயத்தை நீட்டி, “பெரியவரே, வைத்துக்கொள்ளும்” என்றோம்.

அவர் சிரித்தார். “நான் கேட்கவில்லையே, தம்பி! கையில் இருக்கும் பத்திரிகையைக் கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன்.”

சாதி கடந்து மணந்த இளைஞன் வெட்டுண்ட செய்தியிலே அவர் விரல் நின்றது. “பதினெட்டு வயதில், இது ஒழியத்தான் ஒரு தாளைக் கொளுத்தினேன். ஒன்பது மாதம் உள்ளே இருந்தேன்” என்றார், நேற்றுப் பெய்த மழையைப் பற்றிப் பேசுபவர்போல.

எந்தத் தாள்? 1957 நவம்பர் 26! சாதிக்குக் காப்பளிக்கும் அரசியல் சட்டப் பகுதிகளைக் கொளுத்துவீர் என்று பெரியார் அழைத்த நாள். கொளுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என முன்னதாகவே சட்டம் இயற்றிற்று அன்றைய சென்னை மாநில அரசு. அஞ்சுவர் என எண்ணினர்; ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். உள்ளேயே உயிர் நீத்தோரும் உண்டு.

துள்ளி எழுந்தோம். “ஐயா, என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்றோம். ‘பெரியவரே’ மறைந்து ‘ஐயா’ பிறந்ததை அவர் கவனித்தார்.

“சிறைக்குப் போனவன் என்று சொல்லுமுன்பும் நான் இவன்தானே, தம்பி?”

நம்மிடம் விடை இல்லை. பேருந்து வந்தது, அவர் ஏறிப் போனார். கேள்வி மட்டும் போகவில்லை.

1904-இல் காசியிலே, அன்ன சத்திரத்து வாயிலில், பசியோடு நின்றார் ஈரோட்டு இளைஞர் ஒருவர். பிறப்பைப் பார்த்தனர், பிடித்துத் தள்ளினர். எச்சில் இலையில் எஞ்சியதை உண்டார் அவர். ‘அந்தோ, பெரியாரையா தள்ளினார்கள்!’ என்று மேடைதோறும் பதறுகிறோம். பெரியார் ஆகாத ஒருவனைத் தள்ளியிருந்தால் குற்றமில்லையோ? வரலாறு பெயர் குறிக்காத வயிற்றிலும் எரிவது அதே பசி அன்றோ!

இதே திருவண்ணாமலைக்கு 1896-இல் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். கோவிலில் வாய்மூடி அமர்ந்திருந்தவன்மீது பிள்ளைகள் கல்லெறிந்தனர். பின்னாளில் அவன் ரமணர் எனப் பெயர் பெற்றான், கைகள் குவிந்தன. அவர் தத்துவம் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் கேட்கிறோம்: அந்தக் கல் கொடியதாவது, அவன் ரமணர் ஆனதாலா? சிறுவன் என்பதாலா?

“தியாகத்தைப் போற்றுவது பிழையா?” எனத் தோழர்கள் கேட்கலாம். பிழையன்று, கடமை! ஆனால் நன்றி வேறு, மதிப்பு வேறு. நன்றி செயலுக்கு உரியது, செய்தவர்க்கே செலுத்துவோம். மதிப்பு மனிதனுக்கு உரியது. அதற்குச் சான்றிதழ் கேட்க நாம் யார்? பிறப்பைக் கேட்டு மதிப்பளந்தது வருணம். வரலாற்றைக் கேட்டு மதிப்பளந்தால், பழைய ஏணியை உடைத்த கையாலேயே புதிய ஏணி செய்தவராவோம்.

சிறைக்குச் செல்லாத கிழவரும் இவ்வூரிலே உண்டு. மூட்டை தூக்கினார், ஏர் உழுதார், பிள்ளைகளை வளர்த்தார், முதுமையில் தெருவுக்கு வந்தார். சொல்வதற்கு அவரிடம் நவம்பர் 26 இல்லை. அவரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதிலேதான் இருக்கிறது, 1925 முதல் நாம் முழங்கிவரும் சுயமரியாதையின் சோதனை.

தோழர்களே! நாளை ஒரு பலகையில் முன்பின் அறியாத ஒருவர் அருகே அமர்வீர்கள். ‘ஐயா’ என்ற சொல் முதலில் வரட்டும். வரலாறு பிறகு வரட்டும். வராமலே போனாலும் போகட்டும்!