ஒழுங்கும் குழப்பமும்

உலகம் ஓர் ஒழுங்கில் இயங்குகின்றதா, அன்றிக் குழப்பத்தின் மேல் மிதக்கின்றதா என்னும் கேள்வி எல்லாச் சமயத்தாரையும் வாட்டிய கேள்வியாகும். கிறிஸ்தவர்கள் இதற்குக் கண்ட விடை யாது, அவ்விடை துன்புறும் மனிதனுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதை ஈண்டு ஆராய்வோம். பிற மதத்தாரின் நூலை இகழ்வதற்காகவே படிப்பவன் அதினின்று ஒன்றும் கற்கமாட்டான். ஆகையால் நடுநிலை பிறழாது நோக்குவோமாக.

விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம், தொடக்கத்தில் உலகம் உருவமின்றிக் கிடந்தது என்றும், எங்கும் ஆழ்ந்த நீரும் இருளுமே இருந்தன என்றும் கூறுகின்றது. அதன்பின் இறைவன் செய்தனவாகச் சொல்லப்படுவனவற்றுள் முதன்மையானது பிரித்தல் தொழிலே. ஒளி வேறு, இருள் வேறு. மேல்நீர் வேறு, கீழ்நீர் வேறு. கடல் வேறு, தரை வேறு. பஞ்சாலையில் உழைத்தவர்க்கு இது எளிதில் விளங்கும். பேலைப் பிரித்துக் கொட்டிய பஞ்சில் இழைகள் தாறுமாறாய்ப் பின்னிக் கிடக்கும். கார்டிங் எந்திரம் அதனைச் சீவித் தூசியைக் கழித்து இழைகளை ஒருமுகப்படுத்திய பின்னரே அது நூலாகும் தகுதியைப் பெறும். புதிய பொருள் யாதும் சேர்க்கப்படவில்லை, இருந்ததே வரிசைப்பட்டது. ஆதியாகமத்தை முதன்முறை படிப்பவனுக்குப் படைப்புத் தொழிலும் இத்தகையதாகவே தோன்றும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ அறிஞரும் உருவற்ற பொருளினின்றே கடவுள் உலகைச் சமைத்தார் என்றார். அதே நூற்றாண்டில் அந்தியோகியா நகரத்துத் தியோபிலஸ் இதனை மறுத்தார். படைக்கப்படாத பொருள் ஒன்று முன்னரே இருந்ததாயின் அது கடவுளுக்கு ஒப்பாகிவிடும். ஆதலின் இன்மையினின்றே அவர் யாவற்றையும் உண்டாக்கினார் என்பது அவர் வாதம். இக்கொள்கையே திருச்சபையில் நிலைபெற்றது. 1215ஆம் ஆண்டு ரோமாபுரியில் கூடிய லாத்தரன் பொதுச்சங்கமும் இதனை உறுதிப்படுத்தியது.

இறைவனின் பெருமையை உயர்த்த வந்த இக்கொள்கை ஒரு பெருஞ்சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. நூல் அறுந்தால் பஞ்சு மட்டமானது என்று தொழிலாளி சொல்லலாம். அப்பஞ்சையும் உண்டாக்கியவன் அவனேயாயின் யார்மீது பழி சொல்வான்? கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்த அகஸ்தீன் இதற்கு ஒரு விடை கண்டார். தீமை என்பது தனிப்பொருள் அன்று. ஒளியின் குறைவே இருள் ஆதல்போல நன்மையின் குறைவே தீமை என்றார். அறிவுக்கு இது நுட்பமான விடைதான். ஆயினும் பிணத்தின் பக்கத்தில் அமர்ந்திருப்பவனுக்கு இது போதுமா?

1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் அச்சோதனை வந்தது. அது சகல புனிதர் திருநாள். போர்ச்சுகல் தலைநகராகிய லிஸ்பனில் மக்கள் கோயில்களில் நிறைந்திருந்த காலைப்பொழுதில் பூமி அதிர்ந்தது. வழிபட்டு நின்றோர்மீது கோயிற் கூரைகள் வீழ்ந்தன. உயிர் தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடற்பேரலை வாரிக்கொண்டது. எஞ்சிய நகரைத் தீ பல நாள் எரித்தது. மாண்டவர் பல்லாயிரவர்.

இஃது ஏன் நிகழ்ந்தது? கப்ரியேல் மலகிரீதா என்னும் இயேசு சபைக் குரு, இயற்கைக் காரணம் கூறுவது தகாது என்றும், லிஸ்பன் மக்களின் பாவமே காரணம் என்றும் 1756இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி எழுதிய நூலோ, அந்நாட்டு மதவிசாரணை மன்றம் சிந்திய இரத்தத்தை நினைவூட்டியது. இடிபாடு ஒன்றே, அதில் ஒவ்வொருவரும் பிறருடைய பாவத்தையே படித்தனர்! எல்லாம் ஓர் ஆணைப்படியே நடக்கிறது என்று கொண்டவன், ஆணையின் காரணத்தைத் தேடும்போது அடிபட்டவனையே குற்றவாளியாக்கிவிடுகிறான்.

பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர் கர்வாலோ வேறு வழி சென்றார். பிணங்களை அகற்றவும் உணவு வழங்கவும் ஏற்பாடு செய்தார். பங்குதோறும் வினாத்தாள் ஒன்று அனுப்பப்பட்டது. அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, வடிந்ததா? எத்தனை வீடுகள் வீழ்ந்தன? இவ்வாறு கேட்டு எழுதிவாங்கிய விடைகள் அந்நாட்டு ஆவணக்களரியில் இன்றும் உள்ளன. ஆப்பிரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் நெருக்குண்ணும் பகுதியில் எழுந்த அதிர்ச்சி அது என்பதை இன்று அறிவோம்.

எனினும் அமைச்சரை நிறைமனிதர் என்று கொண்டாட நமக்கு உரிமையில்லை. அவருடைய பகைக்கு ஆளான அதே மலகிரீதாவை, எழுபது வயதைக் கடந்த முதியவரை, மதவிசாரணை மன்றம் 1761இல் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தது. இடிந்த நகரில் ஒழுங்கை நிலைநாட்டிய அரசு, அவ்வொழுங்கையே சவுக்காகவும் சுழற்றியது.

ஆகவே, ஒழுங்கு வேண்டுமா என்று மட்டும் கேட்பது போதாது. யாருக்காக ஒழுங்கு என்றும் கேட்கவேண்டும். 1848ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சிறுவர்க்கென வெளிவந்த புகழ்பெற்ற ஞானப்பாட்டொன்றில், செல்வனையும் வறியவனையும் அவரவர் நிலையில் வைத்தவர் கடவுளே என்னும் கருத்து அமைந்திருந்தது. பசித்தவன் வாயிற்புறத்தில் நிற்பதும் படைப்பின் ஒழுங்காயிற்று! 1906இல் புதிய பாடற்புத்தகம் தொகுத்த பெர்சி டியர்மர் என்னும் குரு அச்செய்யுளை நீக்கினார். கிறிஸ்தவர் எழுதியதைக் கிறிஸ்தவரே திருத்தினர் என்பதை நாம் மறத்தல் கூடாது.

கொரிந்து நகரத்தாருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதினான்காம் அதிகாரமும் இவ்விரு முகங்களையும் காட்டுகின்றது. சபையில் பலர் ஒரே வேளையில் பேசிக் குழப்பம் விளைத்தபோது, ஒருவர் பின் ஒருவராகப் பேசுக, அப்போதுதான் யாவரும் கற்பர் என்றும், கடவுள் கலகத்துக்கு உரியவர் அல்லர் என்றும் அவர் அறிவுறுத்துகிறார். எளியவனுக்கும் முறை கிடைக்கச் செய்யும் ஒழுங்கு இது. ஆனால் அதே அதிகாரம் சபையில் பெண்கள் பேசாதிருக்கவேண்டும் என்றும் விதிக்கின்றது. இப்பகுதி பிற்காலத்தார் சேர்த்தது என்று கருதும் அறிஞரும் உளர். யார் எழுதியதாயினும், வாய்திறக்க முறை தரும் ஒழுங்கும் வாயை அடைக்கும் ஒழுங்கும் அடுத்தடுத்தே நிற்கின்றன. தேர்ந்துகொள்ளும் பொறுப்பு படிப்பவனுடையது.

தேர்வதற்குரிய துணையும் அந்நூலிலேயே உண்டு. மக்களையும் உடைமையையும் இழந்து புண்ணோடு அமர்ந்த யோபுவிடம், நீ பாவம் செய்திருப்பாய் என்று நண்பர் வாதிட்டனர். இறுதியில் கடவுள் சினந்தது அந்நண்பர்மீதே. முறையிட்ட யோபுவின்மீது அன்று. சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறித்துப் பேசியபோது, அவர்கள் பிறரைவிடப் பெரும்பாவிகள் அல்லர் என்றார் இயேசு. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் இது என்று சீடர் கேட்டபோது, அவனும் அல்லன், பெற்றோரும் அல்லர் என்று சொல்லி அவன் கண்ணுக்கு மருந்திடத் தொடங்கினார். லிஸ்பனில் பாவிகளைத் தேடிய குருமார் இவ்விடங்களை அறியாதவர்களா? அறிந்திருந்தும் அச்சம் அவர்கள் கண்ணை மறைத்தது.

நாம் மட்டும் இக்குற்றத்தினின்று நீங்கியவர்களா? துன்புற்றவனைப் பார்த்து முற்பிறப்பின் வினை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு நடப்பவர் நம்மிலும் உண்டு. யோபுவின் நண்பர்கள் எல்லா மதத்திலும் பிறக்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஆலைத் தோழர் ஒருவரின் சிறுகுழந்தை காய்ச்சலில் இறந்தது. அவர் கிறிஸ்தவர். வந்தவர்களில் சிலர் ஆண்டவர் சித்தம் என்றனர். சிலர் விதி என்றனர். அந்தத் தாய், "என் பிள்ளை யாருக்கு என்ன செய்தது?" என்று கேட்டாள். ஒருவரும் விடை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு அம்மையார் ஒருவர் யாதும் பேசாது உள்ளே சென்று, சிதறிக் கிடந்த பாத்திரங்களைத் துலக்கி, அடுப்பை மூட்டிக் கஞ்சி காய்ச்சி, மூத்த பிள்ளைகளுக்கு ஊட்டி, அத்தாயின் கையிலும் ஒரு குவளையைக் கொடுத்து அருகில் அமர்ந்தார். அவ்வீட்டில் அன்று பிறந்த ஒழுங்கு அவ்வளவே.

அன்பர்களே, உலகின் அடியில் இருப்பது ஒழுங்கா, குழப்பமா என்னும் வழக்கு இன்னும் பல நூற்றாண்டு நடக்கட்டும். இடிபாட்டின் முன்னே நிற்கும் மனிதன் அதன் தீர்ப்புக்காகக் காத்திருத்தல் இயலாது. யார் பாவம் என்று வினவுவதை விடுத்து, யாருக்கு என்ன வேண்டும் என்று வினவுவோமாக. அவ்வினாவிலிருந்து பிறக்கும் ஒழுங்கு எவரையும் நசுக்காது.