மழை பெய்தால்தான் தெரியும்

பொய் சொல்லாமலேயே ஒருவரை ஏமாற்ற முடியுமா? முடியும். நானே செய்யப் பார்த்தேன்.

ஆறு பேர் படுக்கும் முகாம் கூடாரம் ஒன்று எங்கள் ஸ்டோர் அறையில் கிடந்தது. 600 வெள்ளிக்கு வாங்கியது. மூன்று முறைதான் பயன்படுத்தினோம். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பிரித்துப் பார்த்தேன். நம் நாட்டு வெக்கையும் ஈரமும் கூடாரத்துக்கு ஆகாது. தண்ணீர் புகாமலிருக்கத் துணியின் உட்புறம் பூசியிருக்கும் பாலியுரேத்தேன் பூச்சு, மடித்து வைத்த இடத்திலேயே சிதைந்து பிசுபிசுத்துப் போகும். தையல் மேல் ஒட்டிய பட்டையும் உரிந்துவிடும். என்னுடையதும் அப்படித்தான் ஆகியிருந்தது. வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழை பெய்தால்தான் தெரியும்.

விளம்பரம் போட்டேன். ‘மூன்று முறை மட்டுமே பயன்படுத்தியது, 250 வெள்ளி.’ பச்சைப் புல்லில், நல்ல வெயிலில் எடுத்த படம். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. “கேட்டா சொல்லு. கேக்கலன்னா விடுடா,” என்றான் நண்பன்.

அவன் பேச்சுக்குச் சட்டத்திலும் கொஞ்சம் இடமுண்டு. நம் நாட்டு 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஓர் உதாரணம் வருகிறது. குறையுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார், வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவள் அப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய மகள் என்றால், குறையைச் சொல்வது அவர் கடமை.

எனக்கு உறைத்தது அந்த மகள்தான். சொந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை ஊரான் பிள்ளைக்கு ஏன் சொல்லக்கூடாது? பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்கிறார் வள்ளுவர். மகாபாரதத்தில், தவத்தால் கர்வம் கொண்ட ஜாஜலி முனிவர் தர்மத்தைக் கற்கப் போனது காசியில் கடை வைத்திருந்த துலாதாரனிடம். அவன் தராசு எல்லாருக்கும் ஒரே மாதிரி நின்றது. அவன் தர்மம் கடையிலேயே இருந்தது.

மறுநாள் கிள்ளானிலிருந்து ஒருவர் மகனோடு வந்தார். “ஸ்கூல் லீவுக்குக் கோலக்குபு பாரு போறோம்ணே. ஆத்தோரமா ரெண்டு நாள்,” என்றார். பையன் அதற்குள் கம்பிகளை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

சொல்லிவிட்டேன். “மழைக்குத் தாங்காது தம்பி. ஒழுகும்.”

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் கறுத்தது. “இத விளம்பரத்துலயே போட்டிருக்கலாமேண்ணே. இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்ல?” பையனின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனார்.

அவர் கோபம் நியாயமானது. உண்மையைச் சொன்னேன்தான், ஆனால் அவருடைய பெட்ரோல், டோல், பையனின் ஆசை எல்லாம் செலவான பிறகு சொன்னேன். கேட்ட பிறகு சொல்வது மட்டுமல்ல, வரவழைத்த பிறகு சொல்வதும் பாதி நேர்மைதான். என் தவறு அவர் வந்தபோது தொடங்கவில்லை. வெயில் பார்த்துப் படம் எடுத்தபோதே தொடங்கிவிட்டது.

அன்றிரவே விளம்பரத்தை மாற்றினேன். உரிந்த பட்டையின் படத்தை முதலில் வைத்தேன். ‘மழைக்கு ஆகாது. நிழலுக்கு ஆகும். 40 வெள்ளி.’ பசார் மாலாமில் கடை போடும் ஓர் அக்காள், கம்பிகளுக்காக வாங்கிச் சென்றார்.

210 வெள்ளி நட்டம் என்கிறான் நண்பன். தம்பி தங்கைகளே, பழைய கைப்பேசி, மோட்டார், புத்தகம் என்று நீங்களும் எதையாவது விற்கத்தான் போகிறீர்கள். படம் எடுக்கும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை என் தங்கை வாங்கினால், எந்தப் பக்கத்தை முதலில் காட்டுவேன்?