பஸ் போகும் வழியில் நடை

பெரம்பலூரிலிருந்து சமயபுரம் மாரியம்மன் கோயில் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருச்சி பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிடுவார்கள். தை, மாசியில் மஞ்சள் உடுத்திய கூட்டம் இதே தூரத்தை ஓர் இரவும் மறுநாளில் ஒரு பங்கும் செலவழித்து நடந்து கடக்கிறது. அதற்கென்று தனிப் பாதை கிடையாது. முன்பு 45 என்று எண்ணிட்டு இப்போது 38 ஆகிவிட்ட அதே நாலுவழிச் சாலை. அதன் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே கிடக்கும் ஓரம். கையைக் காட்டினால் நிற்கக்கூடிய பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் ஏன் விடிய விடிய நடக்க வேண்டும்?

வேண்டுதல் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேருக்குக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுதல் எதுவும் இல்லை. கேட்டால், “வருசா வருசம் போறதுதானே” என்பார்கள். எனக்கும் அப்படித்தான்.

மியூனிக்கில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சென்ற குளிர்காலத்தில் ஒரு வீடியோ அனுப்பினான். ஆல்ப்ஸ் மலை என்றான். மலையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. ஒரே வெள்ளை. அதில் ஒரு கம்பம் வரும். அதைக் கடந்து கொஞ்சநேரம் மூச்சிரைப்பு மட்டும் கேட்கும். அப்புறம் இன்னொரு கம்பம். சறுக்குவதற்காக இயந்திரம் விட்டுச் சமன்படுத்திய பனிச்சரிவின் ஓரமாகவே இவனும் நண்பனும் சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே மூடுபனிக்குள் ஏதோ உறுமிக்கொண்டு போயிற்று.

“அது என்னடா சத்தம்?”

“கேபிள் கார் மாமா. மேல கொண்டுபோய் விடும்.”

“அப்ப அதுல போறதுக்கென்ன?”

“அதுல போறதுக்கா மாமா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன்?”

சிரித்துவிட்டேன். என் வீட்டில் என்னைக் கேட்கும் கேள்வியையே நான் அவனைக் கேட்டிருந்தேன்.

அவர்கள் ஏறும் முறை சுவாரசியமானது. பலகையின் அடியில் நீளவாட்டில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் அது சீல் என்னும் கடல்விலங்கின் தோல். இப்போது அங்கோரா ஆட்டின் உரோமத்திலும் நைலானிலும் செய்கிறார்கள். மயிர் பின்பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே சரிந்தால் பனியைப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது குதிகால் பலகையிலிருந்து விடுபட்டிருக்கும். உச்சியில் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் குதிகாலைப் பூட்டிக்கொண்டு சறுக்கினால், மணிக்கணக்கில் ஏறியது சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மலையேறிகளில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இந்த ஓரத்து ஏற்றத்தை அவ்வளவாக மதிப்பதில்லையாம். ஆள் கால் படாத பனியில், கம்பம் நடாத மலையில் ஏறுவதுதான் அவர்கள் கணக்கில் ஏற்றம். நம் ஊரிலும் இதே குரல் உண்டு. “மூட்டையெல்லாம் குட்டியானைல ஏத்திவிட்டு, வழிநெடுக மோரும் பானகமும் குடிச்சுக்கிட்டு, தார் ரோட்டுல கைய வீசிக்கிட்டுப் போறதெல்லாம் ஒரு பாதயாத்திரையா?” என்று வண்டிப்பாதையில் நடந்த தலைமுறைப் பெரியவர்கள் கேட்பார்கள். இந்த ஏளனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு எதிரே பஸ் வந்து நிற்கவில்லை. ஊரே நடந்த காலத்தில் நடப்பதற்குத் தனி மனசு தேவைப்படவில்லை.

தை மாதத்து விடியற்காலையில் சிறுவாச்சூரைத் தாண்டிய பிறகுதான் பனி இறங்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து, மக்காச்சோளம் அறுத்த கொல்லைகளின் மேல் வெள்ளையாகப் படுத்துக்கொள்கிறது. பகலில் மேற்கே நீளமாகத் தெரியும் பச்சைமலை அப்போது இருக்கிற இடம் தெரியாது. நாரணமங்கலம் டயர் ஆலையின் விளக்குகள் மஞ்சள் கறைகளாக மிதக்கும். முன்னால் போகிறவரின் முதுகில் போலீஸ்காரர்கள் ஒட்டிவிட்ட ஒளிரும் பட்டை மட்டும் லாரி வெளிச்சம் படும்போது ஒரு கணம் பளிச்சிட்டு மறையும்.

ஆல்ப்ஸ் மூடுபனி வேறு வகை. அங்கே பல சமயம் மேகமே சரிவின் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காலடியும் வெள்ளை, காற்றும் வெள்ளை, எதற்கும் நிழலில்லை. மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தாம் நிற்கிறோமா சறுக்குகிறோமா என்பதே தெரியாமல் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம் சிலர். அப்போது சரிவின் ஓரத்தைக் காட்டும் கம்பத்தை விட்டு விலகக் கூடாது. நமக்குத் தார் கறுப்பாகவும் கோடு வெள்ளையாகவும் இருப்பதே பெரும் பாக்கியம். ஆனாலும் விலகாதே என்பதுதான் இங்கேயும் விதி. பெரம்பலூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஒதுங்கப் போகிறவர்களை, “கோட்டத் தாண்டி ரொம்ப உள்ள போவாதீங்க” என்று கூட்டத்து மூத்தவர் அதட்டிக்கொண்டே வருவார்.

பாதுகாப்புத் தரும் அதே சாலைதான் உயிரையும் எடுக்கிறது. 2024 ஜூலையில் தஞ்சாவூர் மாவட்டத்தில் சமயபுரத்துக்கு நடந்துபோனவர்கள் மேல் சரக்கு வாகனம் மோதி உயிர்கள் போயின. பனிச்சரிவிலும் அப்படித்தான். இரவில் சரிவைச் சமன்படுத்தும் இயந்திரங்களைச் செங்குத்தான இடங்களில் எஃகு வடத்தால் மேலே கட்டியிருப்பார்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும் அந்த வடம் பனிக்குள் கிடந்துவிட்டுத் திடீரென்று விறைத்து எழும்பும். இருட்டில் அந்த வழியே சறுக்கி வருபவரின் உயிருக்கே அது ஆபத்து. அதனால் இயந்திரம் வேலை செய்யும் நேரத்தில் சரிவுகளை மூடிவிடுகிறார்கள்.

அரியலூர்க்காரர்கள் நடக்கும் வழி இன்னும் நெருக்கடியானது. கீழப்பழுவூர், கல்லக்குடி, புள்ளம்பாடி, லால்குடி என்று போகும் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓய்வதில்லை. டைனோசர் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடல். சிப்பியும் நத்தையும் படிந்த அந்தக் கடல்தரையைத்தான் வெட்டி ஏற்றிக்கொண்டு, நடப்பவர்கள் மேல் புழுதியை வாரிவிட்டு லாரிகள் ஓடுகின்றன. புழுதித் துகள் ஒவ்வொன்றுக்கும் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். கண் எரிவது மட்டும் குறையாது.

சரி, ஏன் நடக்கிறோம்? உடம்பை வருத்திக்கொள்வதால் புண்ணியம் என்பதை நான் நம்பவில்லை. வருத்தம்தான் மேன்மை என்றால் 2020 ஊரடங்கில் குழந்தையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு இந்தியாவின் நெடுஞ்சாலைகளில் நடந்த தொழிலாளர்களுக்கு அல்லவா அதெல்லாம் சேர வேண்டும்? அவர்களுக்குப் பஸ் இல்லை. எங்களுக்கு உண்டு. சட்டைப்பையில் டிக்கெட்டுக்குக் காசும் உண்டு. கால்கள் ஒரேபோல் கொப்புளித்தாலும் அந்த நடையும் இந்த நடையும் ஒன்றல்ல. இதை மறந்துவிட்டு நடையைப் பற்றிப் பெருமை பேசுகிறவரைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

பஸ் இருப்பதுதான் விஷயம் என்று படுகிறது. காட்டுக்குள் மெதுவாக நடப்பதில் சோதனை ஏதுமில்லை. அங்கே முந்திப்போக ஆளில்லை. நெடுஞ்சாலையில் அப்படியில்லை. பாடாலூருக்கும் சிறுகனூருக்கும் நடுவே, கால் மரத்துப்போன நேரத்தில், சிலசமயம் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, கண்டக்டர் படியில் தொங்கியபடி “சமயபுரம், சமயபுரம்” என்று கூவிப் பார்ப்பார். ஏறவில்லை. சாயங்காலம் எடுத்த முடிவு போதவில்லை. அங்கே மறுபடி ஒருமுறை எடுக்க வேண்டியிருந்தது. இப்படி ராத்திரி முழுக்க எல்லோரும் என்னை முந்திக்கொண்டு போகிறார்கள். முந்துகிறவர் மேல் கோபமோ, பிந்துகிறேனே என்ற பதற்றமோ வரவில்லை. வேறெங்கும் எனக்கு இது வாய்த்ததில்லை. எதிர்வீட்டில் மாடி எழும்பினால் எனக்குத் தூக்கம் கெடும். கூடப் படித்தவன் புதுக் கார் வாங்கிய செய்தி ஒரு வாரம் உள்ளே கிடந்து உறுத்தும். கோயிலுக்குப் போய்த் திரும்பினால் இதெல்லாம் தீர்ந்துவிடுகிறதா என்றால், இல்லை. திங்கட்கிழமை அதே ஆள்தான் அலுவலகத்துக்குப் போகிறேன். ஆனால் பக்கத்திலேயே வேகம் ஓடிக்கொண்டிருக்க, என் வேகத்தில் என்னால் ஓர் இரவு இருக்க முடிந்தது என்பது தெரிந்த சங்கதியாகிவிட்டது. இனி அதை முடியாது என்று என்னிடம் நானே சொல்ல முடியாது.

தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது, “நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க மாமா, எனக்கு எறங்குறதுதான் பிடிக்கும்” என்றான். இருக்கலாம். அவனுக்குப் பரிசு இறக்கத்தில் இருக்கிறது.

எங்களுக்கு இறக்கமே கிடையாது. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கிவிட்டால், பக்தர்களுக்காக மாரியம்மனே 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். இளநீரும் நீர்மோரும் பானகமும் துள்ளுமாவும்தான் அவளுக்குப் படையல். நாங்கள் பூத்தட்டைக் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, வெளியே வந்ததும் பெரம்பலூர் பஸ்ஸுக்கு ஓடுகிறோம். இடம்பிடிக்கச் சண்டைகூட வரும். திரும்பி நடப்பதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை, அதில் யாருக்கும் கூச்சமும் இல்லை. முன்னோர்கள் இரண்டு வழியும் நடந்தார்கள். பஸ் வந்தபோது வருவதை விட்டுவிட்டுப் போவதை மட்டும் வைத்துக்கொண்டோம். இப்போது பாடாலூர் வரை வேனில் வந்து, அங்கே இறங்கி நடக்கிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் மூத்தவர் அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார். நான் சுளிப்பதில்லை, பாடாலூருக்கு அப்புறமும் பஸ்கள் அவர்களை முந்தித்தான் போகின்றன.