சாத்திய கதவு

கால் தளர்ந்த தகப்பனாரைக் கைத்தாங்கலாய்க் குளிப்பறைக்கு நடத்திச் செல்லும் மகனை ஊரார் மெச்சுவார்கள். மெச்சத் தக்கவன்தான். ஆயினும் ஒன்று கேட்கிறேன்: கதவைச் சாத்திக்கொண்டு தாமே குளிக்க அவருக்கு ஆசையிராதோ? கால் ஊனமானால் மானமும் கூடவே போய்விடுமோ?

“நாங்கள் இருக்கிறோமே, பிடி எதற்கு?” என்பீர்கள். அன்பின் பேச்சுதான், ஆனால் அவர் நம் கையையே எதிர்பார்த்திருப்பதில் நமக்குள் ஒரு பெருமையும் ஒளிந்திருக்கக்கூடும். பொதுக் கட்டடங்களில் வசதி செய்ய 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டளையிடுகிறது. நம் வீட்டுக் குளிப்பறைக்குள் அந்தச் சட்டம் வந்து எட்டிப்பார்ப்பதில்லை. அங்கே மனச்சாட்சி மட்டுமே.

பெருஞ்செலவும் இல்லை. வழுக்கும் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். உட்கார்ந்து குளிக்க, கால்களில் ரப்பர் மாட்டிய உறுதியான ஸ்டூல் போடுங்கள். துண்டு போடும் கம்பியை நம்பாதீர்கள். அது ஆள் பாரம் தாங்காது. கைப்பிடி வேறு, அதைச் சுவரில் திருகாணியிட்டு இறுக்கவேண்டும். கதவு வெளிப்புறமாய்த் திறக்கட்டும். உட்புறம் திறந்தால், உள்ளே விழுந்தவரே அதற்குத் தடையாகிவிடுவார்.

சுவரில் துளையிடுமுன் அவரையே கேளுங்கள். பாரிசவாயுவால் இடக்கை விழுந்தவருக்கு இடப்பக்கக் கம்பியால் பயனென்ன? போகையில் வலப்பக்கம் இருப்பது திரும்புகையில் இடப்பக்கமாகிவிடும் என்பதையும் மறவாதீர்கள். எதிர்ச்சுவரிலும் ஒன்று வேண்டும்.